விரலுக்குத் தெரிந்த எழுத்து

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் எல்லையாக நீண்டு கிடக்கும் மணல்திட்டின் மேல் இருக்கிறது காட்டுப்பள்ளி. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் துறைமுகமும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், அருகிலுள்ள அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கரை நெடுகிலும் குவிந்து கிடக்கும் மணலுக்குக் கல்வி வரலாற்றில் பெரிய இடம் உண்டு. சிலேட்டும் நோட்டும் வருவதற்கு முன்பு, சென்னையைச் சுற்றிய சீமையில் குழந்தைகள் முதன்முதலாக எழுதியது மணலில்தான். அந்த முறையைச் சென்னையில் பார்த்துத்தான் இங்கிலாந்து தன் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. நாமோ அதை வறுமையின் அடையாளம் என்று நினைத்துக் கைகழுவிவிட்டோம். குழந்தைக்கு எழுத்தை எப்படி அறிவிப்பது என்பதில் நம் பழைய பள்ளிக்கூடங்கள் தேர்ந்திருந்தன. யாருக்கு அறிவிப்பது என்பதில் பெரும் தவறு செய்தன. பின்னால் வந்த நூற்றாண்டுகள் அந்தத் தவறைத் திருத்த முயன்றன; திருத்தும்போது அந்தத் தேர்ச்சியையும் சேர்த்துத் தூக்கி எறிந்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மட்டுமே இன்று எழுத்துப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்பது விளங்கும்.

முதலில் அந்த முறை எப்படி நடந்தது என்று பார்க்கலாம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் நடக்கின்றன, யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். வந்த பதில்களில் கற்பிக்கும் முறையை மிக விரிவாக எழுதியவர் பெல்லாரி கலெக்டர் கேம்பெல். அவருடைய அறிக்கை 1823 ஆகஸ்டில் எழுதப்பட்டது. ஐந்து வயதில் பிள்ளையார் பூசையோடு படிப்புத் தொடங்குவதையும், பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பதையும், பிறகு தரையில் பரப்பிய மணலில் எழுத்துகளை எழுதி எழுதியே பிள்ளை கற்றுக்கொள்வதையும் அவர் பதிவு செய்கிறார். ஐரோப்பியப் பிள்ளைகள் அச்சிட்ட எழுத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகுவார்கள். இங்கே பிள்ளை எழுத்தை வரைந்து பழகுகிறது என்ற வேறுபாட்டையும் அவர் தெளிவாகக் குறித்திருக்கிறார். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமை. ஆனாலும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் இதனோடு ஒத்துப்போகின்றன. விஜயதசமியில் ஏடு தொடங்கி, வாத்தியார் மணலில் எழுதிக் காட்ட, பிள்ளை அதன் மேல் விரலை ஓட்டி, வாயால் எழுத்தைச் சொல்லி, பிறகு அழித்துத் தானாக எழுதும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். மணலில் கை தேறியவனுக்குத்தான் ஓலையும் எழுத்தாணியும் கொடுத்தார்கள். வாத்தியார் எழுதிக் கொடுத்த மேல்வரிச் சட்டத்தைப் பார்த்து அவன் ஓலையில் எழுதிப் பழகுவான்.

மணலிலிருந்து ஓலைக்குப் போகும் இந்த வரிசைக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஓலையில் எழுதுவது சிறு பிள்ளைக்கு முடிகிற காரியமல்ல. எழுத்தாணியின் கூர்முனையை அழுத்திக் கீற வேண்டும். மிகையாக அழுத்தினால் ஓலை கிழியும், குறைவாக அழுத்தினால் கீறல் விழாது. கீறிய எழுத்தை அழிக்க வழியில்லை. எழுதிப் பழகியவர்கள் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அங்கே தாங்கி எழுதினார்கள். கீறிய கோடுகள் கண்ணுக்குத் தெரிய மஞ்சளோ கரியோ இலைச்சாறோ தடவ வேண்டியிருந்தது. இவ்வளவு நுட்பமான வேலைக்குக் கை தயாராகும் முன்பே எழுத்தின் வடிவத்தைப் பிள்ளையிடம் சேர்த்துவிட வேண்டும். அதற்கு மணலைவிடப் பொருத்தமான பரப்பு கிடையாது. எழுத்தைப் பெரிதாக எழுதலாம். தப்பினால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். தப்பு பதிவாகாத இடத்தில் பிள்ளைக்குப் பயம் வராது. கருவியின்றி விரலே எழுதுவதால், எந்த வளைவில் கை எங்கே திரும்புகிறது என்பது நேராக உடம்பில் பதியும்.

தமிழ் எழுத்துகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நம் எழுத்துகளில் பல, கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிபவை. கைக்கு வெவ்வேறாகத் தெரிபவை. ண, ன இரண்டையும் ஒரு சுழி மட்டுமே பிரிக்கிறது. எ, ஏ இரண்டுக்கும் இடையில் ஒரு கீழிழுப்புதான் வேறுபாடு. இந்த வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பழகும் பிள்ளை மாதக்கணக்கில் தடுமாறும். கையால் சுழித்துப் பழகிய பிள்ளைக்கு அது எண்ணிக்கையாக ஆகிவிடுகிறது. இன்றும் நாம் மூன்று சுழி, இரண்டு சுழி என்றுதான் அந்த எழுத்துகளை அடையாளம் சொல்கிறோம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளின் பட்டியல் சுவரில் தொங்கும்போது அது மலைபோலத் தோன்றும். ஆனால் மெய்யின் வடிவங்களும் காலும் கொம்பும் கைக்குப் பழகிவிட்டால் மீதமெல்லாம் அவற்றின் சேர்க்கைதான். அந்தச் சேர்க்கையைக் கை செய்து பார்த்தால் எளிது. கண் மனப்பாடம் செய்ய முயன்றால் கடினம்.

இந்த முறையை வெளியிலிருந்து வந்தவர்கள் கண்டு வியந்த சான்றுகள் கேம்பெலுக்கு முந்தியவை. 1623இல் மேற்குக் கரைச் சீமையில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ டெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் சில சிறுவர்கள் வாத்தியார் இல்லாமலேயே கணக்குப் படித்ததைக் கண்டார். ஒருவன் பாட்டாகச் சொல்லிக்கொண்டே தரையிலிருந்த மெல்லிய மணலில் விரலால் எழுத, மற்றவர்களும் அப்படியே சொல்லி எழுதினார்கள். இடம் நிறைந்ததும் புதிய மணலைத் தூவிக்கொண்டார்கள். எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்க எடுத்த வழி இதுவே. ஒரு முதிய வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். அந்த மனிதர்தான் சில ஆண்டுகளில் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டார். மணலில் தொடங்குவது சிறுவர்க்கு மட்டும் ஏற்ற எளிய வேலை அல்ல, எழுத்தையே புதிதாகக் காண்கிற எவருக்கும் ஏற்ற வாசல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால் உலகின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது சென்னை எழும்பூர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரிலிருந்த படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அங்கே கடைசி வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்கில் எழுத்துகளிலேயே தேங்கி நின்றார்கள். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அன்றைய சென்னை ஆங்கிலேயர் தமிழரைக் குறித்த பெயர் அது. திரும்பி வந்ததும் தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியருக்கு அதில் மனம் இல்லை. பெல், ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனை அந்த வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். முடியாது என்று பெரியவர்கள் சொன்னதை அந்தப் பையன் செய்து முடித்தான். மணலில் எழுதுவது, மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பது ஆகிய இரண்டையும் பெல் பள்ளி முழுவதற்கும் விரித்தார். 1796இல் நாடு திரும்பி, 1797இல் லண்டனில் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதன் பிறகு ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும், 1811இல் தொடங்கிய தேசியச் சங்கத்தின் பள்ளிகளிலும் மணல் மேசைகள் வந்தன. அதற்குச் 'சென்னை முறை' என்றே பெயர் ஏற்பட்டது. பெல்லின் பணத்தில் 1833இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரோடு நடக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மணலில் எழுதியது அறிவால் அல்ல, வேறு வழி இல்லாததால்தானே என்பது அது. காகிதம் அரிது, ஓலை பாடுபட்டுத் தயாரிக்க வேண்டியது, ஆகவே மணல். வசதி வந்ததும் மணலை விட்டதில் என்ன குறை? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. செலவின்மை அந்த முறையின் பலம் என்பதை எல்லோரும் ஒப்புகிறார்கள். ஆனால் மீதிப் பாதியை எழும்பூர் மறுக்கிறது. பெல்லின் காப்பகம் கும்பெனியின் ஆதரவில் நடந்தது. புத்தகம் வைத்து மேல்நாட்டு முறையில்தான் அங்கே எழுத்து சொல்லித் தரப்பட்டது. அது பலிக்காத இடத்தில்தான் மணல் பலித்தது. நூறாண்டு கழித்து இன்னொரு சான்று கிடைத்தது. 1907இல் ரோமின் சான் லொரென்சோ ஏழைக் குடியிருப்புப் பகுதியில் மரியா மாண்டிசோரி தம் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளின் மேல் குழந்தைகள் விரலை ஓட்டி, ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். வாசிக்கும் முன்பே குழந்தை எழுதத் தொடங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. அவர் நம் திண்ணையைப் பார்த்து அதைச் செய்யவில்லை. 1939 இறுதியில்தான் அடையாற்றுக்கு வந்தார். தொடர்பில்லாத இரண்டு இடங்கள் ஒரே முடிவுக்கு வந்தன என்றால், அந்த முடிவு வறுமையிலிருந்து பிறந்ததல்ல, குழந்தையின் இயல்பிலிருந்து பிறந்தது என்றே கொள்ள வேண்டும்.

இன்றைய ஆய்வும் இந்தத் திசையில்தான் போகிறது. 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கையால் எழுதிப் பழகிய மூத்த மழலையர், விசைப்பலகையில் தட்டிப் பழகியவர்களைவிட எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. இன்னும் வாசிக்கத் தெரியாத குழந்தைகள் சிலர் எழுத்தைத் தாமாக எழுதினார்கள், சிலர் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலர் தட்டச்சினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டியபோது, வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் தெளிவாக விழித்தது தாமாக எழுதியவர்களிடம்தான். புள்ளிக்கோட்டைப் பின்பற்றியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. தானாக எழுதும்போது எழுத்து கோணலாக வரும். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். அந்தப் பல கோணல்களுக்குள் மாறாமல் நிற்பது எது என்று குழந்தையின் மனம் தேடிப் பிடிக்கிறது. திண்ணைப் பள்ளியில் வாத்தியாரின் எழுத்தின் மேல் விரல் ஓட்டுவது முதல் படி மட்டுமே, உடனே அழித்துத் தானாக எழுதுவதே பாடம் என்ற வரிசையை நினைத்துப் பாருங்கள். இன்றைய மழலையர் வகுப்புகளில் பக்கம் பக்கமாகப் புள்ளிகளை இணைக்கும் பயிற்சி நோட்டு அந்த இரண்டாவது படியை விழுங்கிவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. திண்ணைப் பள்ளி பிள்ளையைக் கிளிப்பிள்ளை ஆக்கியது, பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யவைத்தது, பிரம்பால் ஆண்டது என்பது அது. இதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. எழுத்துக் கற்பித்த சிக்கனத்தையும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித் தரும் ஏற்பாட்டையும் பாராட்டிய அதே கேம்பெல், பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காத செய்யுள்களைத் திணிப்பதையும் தகுதியான ஆசிரியர்கள் இல்லாததையும் கடுமையாகக் குறை சொன்னார். உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரிக்கும் பள்ளியிலும் பிரம்புக்கு நிரந்தர இடம் இருந்தது. ஆனால் இந்தக் குறைகள் எந்தக் கட்டத்தில் எழுகின்றன என்று பார்க்க வேண்டும். எழுத்து ஒரு வடிவம், ஓர் ஒலி. அதைக் கற்பதில் பயிற்சியும் திரும்பச் சொல்வதும் தவிர்க்க முடியாதவை. எழுத்து கைக்கு வந்த பிறகு சொல்லுக்கும் பொருளுக்கும் போகாமல், அந்தப் பயிற்சி முறையையே நிகண்டுக்கும் சதகத்துக்கும் நீட்டியதுதான் தவறு. எழுத்துக்குப் பொருத்தமானது எழுத்தோடு நின்றிருக்க வேண்டும். பிரம்போ எந்தக் கட்டத்திலும் பொருத்தமானதல்ல. மணலில் எழுதுவதன் முழுப் பயனே தப்பைப் பற்றிய அச்சம் இல்லாமல் இருப்பது என்பதால், பிரம்பு அந்த முறைக்கே பகை.

மூன்றாவது மறுப்புதான் உண்மையான வழக்கு. மணல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. மணலின் முன் உட்கார எல்லோருக்கும் இடம் இருந்ததா? மன்றோ 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மாணவர் 1,88,650 பேர். பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் நாலில் ஒருவர் பள்ளியில் இருந்தார். வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவருக்கு நெருங்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். காந்தி 1931இல் லண்டனில் பேசியபோது சொன்னதும், தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டபோது வாதாடியதும், ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வி வேரூன்றியிருந்தது என்பதுதான். தமிழ்ச் சீமைகளின் பட்டியல்களில் பார்ப்பனர் அல்லாத மாணவர்களே பெரும்பான்மை என்பதும் உண்மை. ஆனால் அதே கணக்கின் மறுபக்கம் இதுவும் உண்மை: மொத்த மாணவரில் பெண் பிள்ளைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. மூன்றில் இரண்டு ஆண் பிள்ளைகளும், கிட்டத்தட்ட எல்லாப் பெண் பிள்ளைகளும் எழுத்துக்கு வெளியே நின்றார்கள். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் ஊர்த்திண்ணையை நெருங்கவே முடியாது.

காட்டுப்பள்ளி அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டமே இதற்குச் சாட்சி. அருகிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலில் 13ஆம் நூற்றாண்டில் பாணினியின் வடமொழி இலக்கணத்தைக் கற்பிக்க மண்டபமும் அதற்கான நிலக்கொடையும் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உயர்கல்விக்கு இந்தக் கரையில் ஆதரவு குறைந்திருக்கவில்லை. ஆனால் 1891இல் அந்த மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை நிலமும் குடிமனையும் கல்வியும் அவர்களுக்கு எப்படி மறுக்கப்பட்டன என்பதை அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892இல் நிலம் பற்றியும், 1893இல் ஒடுக்கப்பட்டோர் கல்வி பற்றியும் அரசாணைகள் வந்தன. 1894இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களுக்கு மறுக்கப்பட்டது விலையுயர்ந்த எந்தப் பொருளும் அல்ல. மணலும் விரலும் ஒரு வாத்தியாரின் குரலும்தான் தேவை. அத்தனை மலிவான முறையை வைத்துக்கொண்டு ஊருக்கு நடுவே ஒரு கூட்டத்தை எழுத்தறியாமல் வைத்திருந்தார்கள் என்றால், தடையாக இருந்தது பொருளோ முறையோ அல்ல, சாதிதான். ஆகவே பழைய பள்ளியின் குற்றத்தை அந்த மணலின் மேல் சுமத்துவது சரியல்ல. அந்தக் குற்றத்தை மறந்து மணலைப் புகழ்வதும் சரியல்ல.

மணல் போனதற்கான காரணம் நிர்வாகம். 1854இல் உட்டின் கல்வி அறிக்கை, அதையடுத்துக் கல்வித்துறை, 1860களில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறை என்று அடுத்தடுத்து வந்தன. 1873இல் 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் சென்னைத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிச் சார்லஸ் கோவரின் கட்டுரை வெளிவந்தபோதும் அவை நடந்துகொண்டிருந்தன. ஆனால் மானியம் வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பிள்ளை அச்சுப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். சொல்வதைக் கேட்டு எழுதிக் காட்ட வேண்டும். மணலில் எழுதியதை இன்ஸ்பெக்டரிடம் காட்ட முடியாது. அது காற்றில் போய்விடும். சிலேட்டும் பல்பமும், கரும்பலகையும், அரிச்சுவடிப் புத்தகமும் வந்தது அப்படித்தான். சிலேட்டு கெட்ட பொருள் அல்ல. அதுவும் அழித்து எழுதக் கூடியதுதான். ஆனால் அது சிறியது, பல்பத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியது. தொலைவிலுள்ள பலகையைக் கண்ணால் பார்த்துப் படியெடுப்பது பழக்கமாகியது. கற்றதற்குச் சாட்சி கை என்ற நிலை போய், காகிதத்தில் தெரிவது மட்டுமே சாட்சி என்றாகிவிட்டது.

ஆனால் அதன் பின் வந்த காலத்தின் நன்மையை மறுப்பது நன்றிகெட்டதாகும். 1920இன் தொடக்கக் கல்விச் சட்டம், அதே ஆண்டு சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிவைத்த மதிய உணவு, 1950களில் காமராசர் ஊர்தோறும் திறந்த பள்ளிகளும் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, அங்கன்வாடிகள் என்று அந்த வரிசை நீள்கிறது. அந்தத் தியாகராயர்தான் வண்ணாரப்பேட்டையில் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவியவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். இராயபுரம் துறைமுகத் தொழிலாளியின் மகளும், எண்ணூர் மீனவரின் மகனும், காட்டுப்பள்ளி இருளர் வீட்டுக் குழந்தையும் எழுத்தின் முன் உட்கார இடம் பெற்றது இந்த முயற்சிகளால்தான். மன்றோ கணக்கில் இல்லாத பிள்ளைகள் அவர்கள். அரசுப் பள்ளி இல்லாமல் அது ஒருநாளும் நடந்திருக்காது.

ஆனாலும் இடம் கிடைத்த எல்லாப் பிள்ளைக்கும் எழுத்து கிடைத்துவிடவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகள் தரையில் அமர்ந்து ஒருவருக்கொருவர் உதவி, தத்தம் வேகத்தில் முன்னேற வழிசெய்தது. பெல் எழும்பூரில் கண்ட கூட்டுக் கற்றலின் சாயல் அதில் உண்டு. ஆனால் கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. கையில் கைப்பேசி இருந்த வீடுகளிலும்கூட முதல் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தில்லாமல் மேல்வகுப்புக்கு வந்தார்கள். திரையில் எழுத்து தெரிந்தது. கையில் அது இறங்கவில்லை. அதற்கு மாற்றாக, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுதப் படிக்கவும் கணக்கிடவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற இலக்கோடு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. தொடங்கிய இடம் காட்டுப்பள்ளி அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளி. நோக்கம் சரியானது. அந்த இலக்கு பயிற்சி நூலின் பக்கங்களை நிரப்புவதாகச் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

கடைசியாக ஒரு கேள்வி. தட்டச்சும் குரல் பதிவும் வந்த பிறகு கையெழுத்துக்கு ஏன் இத்தனை பாடு? எழுதுவது இனி வாழ்க்கைக்குத் தேவையில்லாமல் போகலாம். ஆனால் வாசிப்பது தேவையில்லாமல் போகாது. கையால் எழுதுவது வாசிப்புக்கான வழி என்பதே மேலே கண்ட சான்றுகள் சொல்வது. பெரியவர்கள் பேனாவை விட்டுவிட்டார்கள் என்பதால் ஐந்து வயதுக் குழந்தையின் விரலையும் நிறுத்தச் சொல்வது, அடித்தளம் மண்ணுக்குள் தெரியவில்லை என்று அதை விட்டுவிட்டு வீடு கட்டுவதைப் போன்றது. மூன்று வயதில் பென்சிலைத் திணிப்பது, பெற்றோரைத் திருப்திப்படுத்த நோட்டை நிரப்புவது, கோணலான எழுத்தைச் சிவப்பு மையால் வெட்டுவது ஆகியவற்றுக்கு இங்கே எந்த ஆதரவும் இல்லை. கை தயாராகும் வரை விரலும் மணலும் போதும்.

செய்ய வேண்டியவை பெரிய பணமோ புதிய திட்டமோ கேட்பவை அல்ல. அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் ஒரு தட்டு மணல் இருக்கட்டும். எழுத்தைக் காட்டும்போதே ஒலியைச் சொல்லி, விரலால் எழுதவைத்து, உடனே அழித்துத் தானாக எழுதவைக்கட்டும். முடிந்த எழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், கை எங்கே தொடங்கி எப்படித் திரும்புகிறது என்பதை ஆசிரியர் கவனிக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். சொல்லிக் கொடுப்பவரின் எழுத்தும் அதில் உறுதிப்படும். மகனுக்குக் கொடுக்கும் அதே இடம் மகளுக்கும், ஊருக்குக் கொடுக்கும் அதே இடம் குப்பத்துக்கும் காலனிக்கும் இருக்க வேண்டும் என்பது எந்தச் சலுகையும் அல்ல, நிபந்தனை. பழைய பள்ளி முறையைத் தெரிந்து வைத்திருந்தது, ஆளை ஒதுக்கியது. புதிய பள்ளி ஆளைச் சேர்த்தது, முறையை மறந்தது. இரண்டும் ஒன்றாகச் சேரும் பள்ளி தமிழ்நாட்டில் இதுவரை முழுமையாக அமையவில்லை. அதை அமைப்பதற்கான அறிவு இந்தக் கரையிலேயே இருந்தது. அதை எல்லோருக்கும் உரியதாக்கும் கடமை நம்முடையது.